அழுத்தும் நீர்

நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து நிலக்கரியைவிட அதிகமாக வெளியே வருவது தண்ணீர்தான். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்கப் பல டன் தண்ணீரை இறைத்தாக வேண்டும். 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த காலத்திலேயே பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இந்தத் தண்ணீர். கரிப் படிவத்துக்கு அடியில், கடலூர் மணற்கல்லுக்குள் அடைபட்டுக் கிடந்த அது, சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ விசையோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. மேல்மண்ணை வெட்டினால் பாரம் குறையும். சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் பீறிடும். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணித்த பிறகுதான், 1961 ஆகஸ்டில் கரி கண்ணில் பட்டது. அந்த இறைப்பு இன்றும் நிற்கவில்லை.

அவ்வளவு விசை எங்கிருந்து வந்தது? மேற்கிலும் வடக்கிலும் உயர்ந்து கிடக்கும் செம்மண் மேடுகளில், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காடுகளில் பெய்த மழையிலிருந்து. அங்கே மணற்கல்லுக்குள் இறங்கும் நீர், களிமண் அடுக்குகளுக்குக் கீழே சரிந்து கடலை நோக்கி நகர்கிறது. மேட்டு நீரின் பாரம் பள்ளத்து நீரை அழுத்துகிறது. ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்தது இதனால்தான்.

சுரங்கத்துக்கு எதிரியான இந்த அழுத்தம் கடலோரத்தில் என்ன செய்கிறது என்பதை அறியச் சிறு தீவுகளைப் பார்க்க வேண்டும். நாற்புறமும் உப்புக்கடல், நடுவே கிணற்றில் நல்ல தண்ணீர். நெதர்லாந்தின் கைபனும், வடகடல் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்து 1901-இல் எழுதிய ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே ஒரே கணக்கைக் கண்டார்கள். நன்னீர் 1000 எடை என்றால் அதே கொள்ளளவு கடல்நீர் 1025. ஆகவே கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் உப்புநீரை அழுத்தி மிதக்கும். நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, இட்லியின் வடிவில் அது தீவின் அடியில் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தின் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. இடையில் எந்தச் சுவரும் இல்லை.

இந்தக் கணக்கின் மறுபாதிதான் அச்சம் தருவது. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறி வர இடமாகிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் தாங்கின. இயந்திரம் வந்தபின் கரையோரக் கிணறுகள் பல உவராயின.

நெய்வேலி தீவல்ல, களிமண் அடுக்குகள் நடுவே இருப்பதால் இங்கே எல்லாம் மெதுவாக நடக்கும். ஆனால் கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குள் கடல் இருக்கிறது. சுரங்கத்தில் ஆபத்தென்று நாம் தணிக்கும் அழுத்தமே, கடலூர்க் கரையில் உப்பைத் தள்ளி நிறுத்தும் காவல். இரண்டும் ஒரே நீர். சுரங்கத்தை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது. நெல்லுக்கும் கரும்புக்கும் ஆலைக்கும் வீட்டுக்கும் எத்தனையோ மோட்டார்கள் அதே மணற்கல்லிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. ஒவ்வொருவரும் தன் கிணற்றின் மட்டத்தைத்தான் பார்க்கிறோம். காவல் நிற்பது எல்லோருடைய மட்டத்தையும் நம்பி. உப்பு ஒருமுறை மணற்கல்லுக்குள் புகுந்துவிட்டால், அதைக் கழுவி வெளியேற்ற ஒரு தலைமுறையின் மழை போதாது.

கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் அரசு அளந்துதான் வருகிறது. அந்த எண்கள் கரையோர ஊராட்சிகளின் பலகையில், தமிழில், ஆண்டுதோறும் எழுதப்பட வேண்டும். மழை இறங்கும் மேட்டு நிலத்து ஏரிகள் தூர்வாரப்பட வேண்டும். அங்குள்ள முந்திரிக்காடுகள் மனைகளாகக் கூடாது. கடலூர் மாவட்டத்துக்காரர் நீங்கள் என்றால், அடுத்த கிராமசபையில் எழுந்து அந்த இரண்டு எண்களையும் கேளுங்கள்.