சொந்தக் கால்

"நல்லா படிம்மா. நாளைக்கு நீ சொந்தக் கால்ல நிக்கணும்."

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்குப் பெரியவர்கள் எல்லாரும் சொன்ன புத்தி இதுதான். பிறவியிலேயே என் வலது கால் இடது காலைவிடக் குட்டை. அடி உயர்த்திய சப்பாத்தும் கைத்தடியும் இல்லாமல் நடக்க முடியாது. சொன்னவர்கள் யாரும் கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நான் குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்வேன்.

இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. சொந்தக் காலில் நிற்பது என்றால் என்ன? யார் உதவியும் வாங்காமல் வாழ்வதா?

சின்ன வயசில் அப்படித்தான் நினைத்தேன். அம்மா எனக்கு அடிக்கடி சொன்னது சுதா சந்திரனின் கதை. 1981-ல் திருச்சிக்கு அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு அந்த நாட்டியப் பெண்ணின் வலது கால் துண்டிக்கப்பட்டது. 1984-ல் செயற்கைக் காலோடு மீண்டும் மேடை ஏறினார். "பாத்தியா, மனசு இருந்தா போதும்" என்பார் அம்மா. நானும் நம்பினேன். ஒரு மழை நாளில் தோழி நீட்டிய கையைத் தட்டிவிட்டு, சரிவில் தனியாக இறங்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அதற்கும் தன்னம்பிக்கை என்றே பேர் வைத்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் அந்தச் செயற்கைக் காலைப் பற்றிப் படித்தேன். அது 'ஜெய்ப்பூர் கால்'. ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1960-களின் இறுதியில் உருவாக்கியது. அதற்கு முன் இருந்த மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்து போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கானவை. நம் ஆட்கள் சம்மணம் போடுவார்கள், குந்துவார்கள், கோயிலுக்குள் வெறுங்காலோடு நடப்பார்கள். அதை யோசித்து, வளைந்து கொடுக்கும் ரப்பர் பாதத்தைச் செய்தார்கள். சுதாவின் மன உறுதி உண்மை. ஆனால் அம்மா சொன்னது பாதிக் கதைதான். முகம் தெரியாத ஒருத்தர் இன்னொருத்தர் காலுக்காக உட்கார்ந்து யோசித்தாரே, அது மீதிக் கதை.

எங்கள் பாட்டி கொழுந்து பறித்தவர். நிறைந்த கூடையைத் தரையிலிருந்து தனியாக முதுகில் ஏற்ற முடியாது. "ஏ புள்ள, கொஞ்சம் தூக்கி விடு" என்று பக்கத்து நெரைக்காரியைக் கூப்பிடுவாராம். அடுத்த நடை இவர் அவருக்குத் தூக்கி விடுவார். அதற்காக யாரும் பாட்டியைப் பார்த்துப் 'பாவம்' என்று சொன்னதில்லை.

அப்படியென்றால் எனக்குக் கசந்தது உதவி இல்லை. என்னைக் கேட்காமல் வரும் உதவி.

போன வருஷத் திருவிழாவில், கோயில் படியில் நான் தடியை ஊன்றுவதற்குள் தெரிந்த அண்ணன் ஒருத்தர், "நான் தூக்கிட்டுப் போறேன்மா" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் தூக்கிவிட்டார். நல்ல மனுஷர். ஆனால் 21 வயசுப் பெண்ணை ஊர் பார்க்க மூட்டை மாதிரி தூக்கலாமா? கேட்டிருந்தால், "தோளை மட்டும் குடுங்கண்ணே" என்று சொல்லியிருப்பேன். பின்னால் ஓர் அத்தை, "போன ஜென்மத்துல என்ன பாவமோ, பொம்பளப் புள்ள வேற" என்றது காதில் விழுந்தது.

அத்தைக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். கர்மா என்பது என் செயலுக்கு நான் பொறுப்பு என்று எனக்குச் சொல்லும் பாடம். அடுத்தவர் உடம்பைப் பார்த்து அவர் கணக்கைப் படிக்கும் உரிமையை அது யாருக்கும் கொடுக்கவில்லை. திருமுறை வகுப்பில் காரைக்கால் அம்மையார் கதை படித்திருக்கிறோமே! அழகை உதறி, பேய் உருவம் கேட்டு வாங்கி, தலையால் நடந்து கயிலை போன பெண். பார்த்தவர்கள் பயந்து ஓடினார்கள். இறைவன் அவரை அம்மை என்று அழைத்தார். நாம் ஓடியவர்கள் பக்கமா, அழைத்தவர் பக்கமா?

மலேசியாவில் 2008-லேயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்தும் உரிமையை அது எங்களுக்குத் தருகிறது. ஆனால் அந்த உரிமையை மறுப்பவருக்கு அது தண்டனை விதிக்கவில்லை. ஆகவே நம் கோயில் வாசல் நம் மனசாட்சியின் கையில்தான் இருக்கிறது.

அந்தப் படியை அளந்தேன். மூன்று படி, 45 சென்டிமீட்டர். சாய்தளத்தில் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும், அப்படியென்றால் 5.4 மீட்டர். நேராகப் போட இடமில்லை. நடுவில் ஒரு திருப்பம் வைத்து வரைந்து கொடுத்தேன். "ஒருத்திக்காகவாம்மா இவ்வளவு செலவு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், கோயில் பணம் ஊர்ப் பணம். ஆனால் முட்டி தேய்ந்த என் பாட்டி மூன்று வருஷமாகக் கீழே நின்றுதான் தீபாராதனை பார்க்கிறார். கொழுந்துக் கூடை சுமந்த முட்டிகள் இந்த ஊரில் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். வரைபடம் இன்னும் அவர்கள் மேசையில்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை போய்க் கேட்கிறேன்.

இப்போது அந்தப் புத்தி எனக்கு உறுத்தவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்பதை நானே வாய் திறந்து சொல்வதும், அடுத்தவர் கூடைக்கு என் கையைக் கொடுப்பதும்தான் சொந்தக் காலில் நிற்பது. நண்பர்களே, அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஓர் அளவு நாடா கொண்டு போங்கள். உங்கள் கோயில் படியை அளந்து பாருங்கள். கீழே யாராவது நின்றுகொண்டிருந்தால், தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.