நிழலுக்கு அஞ்சுவதா?

வானத்திலே நிழல் விழுகிறது. தரையிலே கதவுகள் அடைபடுகின்றன! 2019 டிசம்பர் 26 அன்று காலை, கோவையிலும் திண்டுக்கல்லிலும் பொன் வளையமாகத் தோன்றிய கதிரவன், நெல்லையிலே பெரும்பகுதி மறைந்து நின்றான். கண்டு களிக்க வேண்டிய காட்சி! ஆனால், தச்சநல்லூர்த் தெருக்களிலிருந்து தாமிரபரணிப் படித்துறை வரை கிரகணந்தோறும் நாம் கேட்பதென்ன? உண்ணாதே, அடுப்பை மூட்டாதே, தண்ணீர்ப் பானையில் தர்ப்பையைப் போடு, பரிகாரம் செய், முடிந்ததும் தலை முழுகு! கருவுற்ற பெண்ணுக்கோ இருட்டறை. வெளியே வந்தால் பிள்ளை உதடு பிளந்து பிறக்குமாம்!

"நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நட்டம்?" என்பர் நல்லவர் சிலர். ஆராய்வோம்.

1825இல் புதுச்சேரியில், வாரன் என்ற கம்பெனி அதிகாரியின் முன்னிலையில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடமே! என்னே திறன்! நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு விழுங்க வரும் பாம்பும் உண்டோ? கணக்குக்கு அடங்கிய நிழலைக் கண்டு ஊர் நடுங்குவானேன்? கணிதம் சிலரிடம் தங்கிற்று. அச்சம் மட்டும் வீடுதோறும் பங்கிடப்பட்டது.

அந்த அச்சத்தின் விலையைத் தருபவள் யார்? கருவில் உதடு இணைவது 4 முதல் 7 வாரங்களுக்குள். கருவுற்றதைப் பல பெண்கள் அறியத் தொடங்கும் காலமே அது. பின், வயிறு பெருத்த மாதத்தில் இருட்டில் அடைத்து எதைக் காக்கின்றனர்? கிரகணமே காணாத ஊரிலும் உதடு பிளந்த குழந்தைகள் பிறக்கின்றன. பிளவை மருத்துவர் தைத்துச் சீராக்குவார். "நீ வெளியே வந்ததால்தான்" என்று தாயின்மீது வீசப்படும் பழியை எவர் தைப்பார்? நட்டம் எங்கே என்போரே, இதோ நட்டம்!

ஒருவர் தம் விருப்பால் நோன்பிருக்கட்டும், கண்மூடித் தியானிக்கட்டும். அவரோடு நமக்கு வழக்கில்லை. அவரது நம்பிக்கைக்கு இன்னொருத்தி பட்டினி கிடக்க வேண்டுமெனில், அது நம்பிக்கையன்று, தண்டனை!

வெறுங்கண்ணால் கதிரவனை நோக்கினால் விழித்திரை கெடும், அது உண்மை. அதற்குத் தேவை தக்க கண்ணாடி, மந்திரமன்று.

தோழர்களே! அடுத்த கிரகணத்தன்று மேடை வேண்டாம், முழக்கமும் வேண்டாம். முதலில் நம் வீட்டு இருட்டறைக் கதவைத் திறப்போம். உள்ளே இருப்பவளுக்குச் சோறும் நீரும் கொடுப்போம். பின்பு, அவள் கையிலும் ஒரு கண்ணாடியைத் தந்து வானத்தைக் காட்டுவோம்!