அதிமதுரத் துப்பாக்கி

‘ஆடம்ஸ் ரிப்’ படத்தின் பிற்பகுதியில் ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு யார் பக்கம் நின்றது என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

1949இல் வந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படம். எழுதியவர்கள் ரூத் கார்டன், கார்சன் கேனின் தம்பதியர். இயக்கம் ஜார்ஜ் க்யூகர். போர்க்காலத்தில் ஆலைகளுக்குக் கூப்பிட்ட பெண்களை, போர் முடிந்ததும் அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்கா அது. காதலியோடு இருக்கும் கணவனை டோரிஸ் சுடுகிறாள். அவனுக்கு லேசான காயம். அரசுத் தரப்பில் வாதாடுபவன் ஆடம். டோரிஸுக்காக வாதாடுபவள் அவன் மனைவி அமாண்டா.

துரோகம் செய்த மனைவியைச் சுடும் ஆணிடம் ஊர் இரக்கம் காட்டுகிறதே, அந்த இரக்கம் டோரிஸுக்கு ஏன் இல்லை என்பது அமாண்டாவின் வாதம். டோரிஸை ஆணாகவும் கணவனைப் பெண்ணாகவும் எண்ணிப் பாருங்கள் என்கிறாள் ஜூரிகளிடம். திரையிலும் அவர்கள் அப்படியே உருமாறித் தெரிகிறார்கள். அமாண்டா ஜெயிக்கிறாள்.

பிறகு ஓர் இரவு, அவளையும் அவளிடம் வழிந்துகொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரனையும் நோக்கி ஆடம் துப்பாக்கி நீட்டுகிறான். யாருக்கும் இந்த உரிமை கிடையாது என்று அலறுகிறாள் அவள். இதைத்தானே நானும் சொன்னேன் என்று துப்பாக்கியைக் கடித்துத் தின்கிறான். அதிமதுர மிட்டாய். நான் சிரித்தது இங்கேதான்.

ஆனால் அவள் எங்கே தோற்றாள்? சுடலாம் என்றா வாதாடினாள்? ஒரே தராசு வேண்டும் என்றாள். ஆணுக்குக் கிடைக்கும் அநியாயச் சலுகையைப் பெண்ணுக்கும் கேட்பதா, ஆணிடமிருந்து பிடுங்குவதா என்று என்னைக் கேட்டால் பிடுங்கத்தான் சொல்வேன். ஆனால் டோரிஸ் இன்று கூண்டில் நிற்கிறாள். அந்தச் சலுகை ஒழியும்வரை சிறையில் காத்திரு என்று அவளிடம் யார் சொல்வது?

மிட்டாயைவிட என்னை உறுத்துவது வேறொரு காட்சி. ஆடம் அவளுக்கு உடம்பு பிடித்துவிடுகிறான். நடுவில் ஓர் அடி, செல்லத் தட்டைவிடச் சற்றுப் பலமாக. இது விளையாட்டு அடி இல்லை என்கிறாள் உடனே. ‘சும்மா விளையாட்டுக்கு’ என்ற சொல்லுக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. அடி எப்படிப்பட்டது என்று அதை வாங்கிய உடம்புக்குத் தெரியும். அவள் அழுகிறாள். அவனோ அந்தக் கண்ணீரை ஏளனம் செய்கிறான். படத்தின் கடைசியில், தனக்கும் நினைத்தபோது கண்ணீர் வரும் என்று அழுது காட்டுகிறான். அரங்கம் சிரிக்கிறது. அமாண்டாவின் அன்றைய கண்ணீரும் நடிப்புத்தான் என்று அந்தச் சிரிப்பு பின்னோக்கிப் போய் எழுதிவிடுகிறது. இந்தத் தந்திரத்துக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

சுட்ட பிறகு எப்படி இருந்தது என்று அமாண்டா விசாரிக்கும்போது, பசித்தது என்கிறாள் டோரிஸ். அவளாக நடித்த ஜூடி ஹாலிடேயின் முகத்தையே காமிரா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி. அங்கேயும் சிரித்தேன். தன் பசியை அவள் தானே சொல்கிறாள்.