ரத்தக் கடன்

நெஞ்சு லேசாக வலிக்கிறது என்று டாக்டரிடம் போகிறீர்கள். ‘சிகரெட் உண்டா? பிரஷர்? கொலஸ்ட்ரால் பார்த்தீங்களா? அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்திருக்கா?’ இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? பெரும்பகுதி, அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற சின்ன ஊரிலிருந்து.

1945-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்த அன்று அவருடைய பிரஷர் 300/190. வயசானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று டாக்டர்களே நம்பிய காலம். 1948-ல் ஃப்ராமிங்ஹாமில் 5,209 பேரைச் சேர்த்தார்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரணும், ரத்தம் கொடுக்கணும், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லணும். வைத்தியம் கிடையாது. யாருக்கு நெஞ்சுவலி வருகிறது, ஏன் வருகிறது என்று காத்திருந்து பார்ப்பதுதான் வேலை.

வந்தார்கள். 1961-ல் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்ற வார்த்தை அங்கிருந்துதான் உலகத்துக்குப் பரவியது. 1971-ல் அவர்களுடைய பிள்ளைகள் வந்தார்கள். 2002-ல் பேரன் பேத்திகள். ரத்தத்தில் வந்தது எவ்வளவு, சாப்பாட்டில் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மூன்று தலைமுறை தேவைப்பட்டது.

இதற்கு நடுவே, 2000-ல், இந்த விவரங்களை ஜீன் தகவலோடு சேர்த்து விற்க ஒரு கம்பெனி கிளம்பியது. அந்த வருஷக் கடைசியிலேயே திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் கேள்வி நிற்கிறது. அது யார் சொத்து?

‘ரத்தம் கொடுத்தவனுக்கு ஒரு பங்கு கொடுத்துட்டா போச்சு’ என்கிறது என் பி.காம். புத்தி. போகாது. ஜீன் என்பது பிரிக்க முடியாத கூட்டுச் சொத்து. அண்ணன் கையெழுத்துப் போட்டால் தங்கையின் ரகசியமும் வெளியே வரும். இன்னும் பிறக்காத பேரனிடம் யார் சம்மதம் வாங்குவது?

அப்படியானால் கதவைச் சாத்திக்கொள்ளலாமா? அதற்கும் நமக்கு யோக்கியதை இல்லை. அந்த 5,209 பேர் கொடுத்ததை நாம் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை. திருப்பிக் கொடுக்க வழியில்லை. இன்னொன்று: அவர்கள் அநேகமாக எல்லோருமே வெள்ளைக்காரர்கள். அவர்களை வைத்துப் போட்ட கணக்கு நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. நம் கணக்கை நம் ரத்தத்தில்தான் எழுத வேண்டும்.

நாளைக்கு உங்கள் வீட்டுக் கதவை யாராவது ஃபாரத்தோடு தட்டலாம். ‘விவரம் யார் கையில் இருக்கும்? யாருக்கெல்லாம் கொடுப்பீங்க? நடுவில் நான் விலகலாமா?’ என்று கறாராகக் கேளுங்கள். பதில் நேர்மையாக இருந்தால், கையை நீட்டுங்கள். உங்களுக்கு லாபம் இல்லைதான். ஃப்ராமிங்ஹாம்காரர்களுக்கு மட்டும் என்ன லாபம் இருந்தது?