நாயும் நாடும்

ஒரு மனிதன் தான் பிறவாத தேசம் ஒன்றில் குடியேறும்போது, எந்தக் கட்டத்தில் அவன் அந்தத் தேசத்துக்கு உரியவனாகிறான் என்ற கேள்விக்கு அரசாங்கம் ஒரு விடை வைத்திருக்கிறது. அண்டை வீட்டார் வேறொரு விடை வைத்திருக்கிறார்கள். அவனோ இரண்டில் எதையும் முழுமையாக நம்ப முடியாமல் வருஷக்கணக்கில் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருக்கிறான். வசிப்பு அனுமதி, வரி அட்டை, மொழித் தேர்வு ஆகியவற்றால் ஆனது அரசாங்கத்தின் விடை. அண்டை வீட்டாரின் விடையை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதிலும் பின்லாந்துக்காரர்கள் எதையுமே அவ்வளவு எளிதில் வாய்விட்டுச் சொல்லும் சுபாவம் உடையவர்கள் அல்லர். இந்தக் குளிர் தேசத்தில் குடியேறிய தமிழன் என்ற முறையில் எனக்கும் இந்தக் கேள்வி உண்டு. அதற்கு எனக்குக் கிடைத்த விடை ஒரு நாயின் மூலமாகக் கிடைத்தது என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பவர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

தம்பெரே நகரத்தின் தெற்கே உள்ள ஹெர்வந்தா என்னும் புறநகர்ப் பகுதியில் நான் வசிக்கிறேன். 1970களில் காட்டை ஒதுக்கி எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு அது. பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் அங்கே இருப்பதால் பல தேசத்து மாணவர்களும் பொறியாளர்களும் கலந்து வாழ்கிறார்கள். 2021 முதல் நகர மையத்திலிருந்து டிராம் வண்டியும் வந்து போகிறது. நிறுத்தத்தில் இறங்கிச் சற்று நடந்தால் ஊர் முடிந்து காடு தொடங்கிவிடும். அந்தக் காட்டில் நடக்க யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. நிலம் யாருடையதாக இருப்பினும், அதற்கும் அதன் சொந்தக்காரருக்கும் தீங்கு நேராத வரையில், எவரும் அதில் உலாவலாம், காட்டுப் பழங்களைப் பறிக்கலாம், காளான் சேகரிக்கலாம் என்பது இந்நாட்டில் தொன்றுதொட்டு வரும் பொது உரிமை. பூர்வ குடிக்கு ஒரு நியாயம், வந்தேறிக்கு ஒரு நியாயம் என்ற பேதம் இதில் கிடையாது. விமானத்தை விட்டு இறங்கிய அன்றே இந்த உரிமை நம் கைக்கு வந்துவிடுகிறது.

இதைவிடத் தாராளமான வரவேற்பை ஒரு தேசம் அளிக்க முடியாதுதான். ஆயினும், கூடை நிறையப் புளூபெர்ரி பறித்துக்கொண்டு வீடு திரும்பிய அந்த முதல் கோடைக்காலங்களில், நான் ஒரு நல்ல சத்திரத்தில் தங்கியிருப்பவனைப் போலவே உணர்ந்தேன். உரிமை என்பது கொடுத்தவரைத்தான் கட்டுப்படுத்தும், பெற்றவனைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்கொள்ள மட்டுமே தெரிந்தவனை எந்த ஊரும் தன்னவன் என்று எண்ணுவதில்லை. அவனுக்கே அப்படி எண்ணத் தோன்றுவதுமில்லை.

முஸ்தி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அதே காடு எனக்கு வேறொரு முகத்தைக் காட்டியது. முஸ்தி லாப்லாந்துப் பகுதியில் கலைமான் மேய்க்கப் பயன்பட்ட நாய் இனத்தைச் சேர்ந்தவள். அடர்ந்த கறுப்பு மயிரும், எப்போதும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போன்ற செவிகளும் உடையவள். அவளோடு முதன்முறை காட்டுக்குள் நுழைந்தபோதுதான், மனிதனுக்குத் தாராளமாகத் திறந்த வாசல் நாய்க்கு அவ்வளவு தாராளமாகத் திறக்கவில்லை என்பது புலப்பட்டது. குடியிருப்புப் பகுதிகளில் நாயைக் கயிற்றில் பிடித்தே செல்ல வேண்டும். காட்டில் அவிழ்த்துவிட வேண்டுமானால் நில உடைமையாளரின் அனுமதி தேவை. அனுமதி இருந்தாலும்கூட, 1993ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை வெளியில் இருக்கும் நாய் கயிற்றில் கட்டப்பட்டோ, உடனே கட்டக்கூடிய நிலையிலோ இருந்தாக வேண்டும். ஐந்து மாதம் நிறையாத குட்டிக்கு விலக்கு உண்டு. தரையில் கூடு கட்டி முட்டையிடும் பறவைகளுக்கும், ஈன்று குட்டிகளோடு திரியும் காட்டு விலங்குகளுக்கும் அந்த மாதங்களில் தொந்தரவு நேரக்கூடாது என்பதே இதன் நோக்கம். ஆகஸ்ட் 20ஆம் தேதி நண்பகலில் காட்டு வாத்து வேட்டை தொடங்கிவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குஞ்சைக் காப்பதும் வளர்ந்ததைச் சுடுவதும் இந்நாட்டுச் சட்டத்தில் அடுத்தடுத்த நாட்கள்.

மார்ச் முதல் தேதியன்று எங்கள் காட்டில் பனி முழங்காலளவு கிடப்பதுண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. பார்க்க ஒரு மனிதரும் இல்லை. ஆயினும் அன்று காலை கயிற்றை அவள் கழுத்துப் பட்டையில் மாட்டும்போது, என்றோ வந்து முட்டையிடப்போகும் ஒரு பறவையின் பொருட்டு நான் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன் என்ற உணர்வு உண்டாயிற்று. இந்த மண்ணின் மேல் எனக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொன்னபோது தோன்றாத பாத்தியதை, இந்த மண்ணுக்கு என்னால் ஆக வேண்டியதும் உண்டு என்று அறிந்தபோது தோன்றியது. நான் சொல்ல வந்த விஷயத்தின் சாரமே இதுதான்: ஒரு தேசம் நமக்குக் கொடுப்பவற்றால் நாம் அதன் விருந்தினராகிறோம், அது நம்மிடம் கேட்பவற்றால்தான் அதன் குடிகளாகிறோம்.

நாயோ, தேசத்தின் சார்பில் தினந்தோறும் கேட்டுக்கொண்டே இருக்கும் பிராணி. டிசம்பர் மாதத்தில் இங்கே சூரியன் காலை ஒன்பதரைக்கு மேல் எழுந்து, பிற்பகல் மூன்று மணி வாக்கில் மறைந்துவிடுகிறான். அக்காலத்தில் வெளியே தலை காட்டாமல், விளக்கொளியில் இருந்துகொண்டு, ஊரிலிருந்து வரும் தொலைபேசிக் குரல்களையே உலகமாகக் கொண்டு வாழ்ந்துவிட முடியும். அப்படி வாழ்பவர்கள் பலர் உண்டு. நாய் உள்ளவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் படுவதற்காக ஒளிப்பட்டையை அவளுக்கும் அணிவித்துத் தானும் அணிந்துகொண்டு இறங்கத்தான் வேண்டும். சிறிது தூரம் போனதும், முஸ்தி திடீரென்று நின்று ஒரு காலைத் தூக்கிக்கொள்வாள். விரலிடுக்கில் உள்ள மயிரில் பனி திரண்டு, பட்டாணி அளவில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கையுறையைக் கழற்றி, வெறும் விரலின் சூட்டால் அதை உருக்கி, மயிர் பிய்ந்து வலிக்காமல் மெல்ல மெல்ல உருவி எடுக்க வேண்டும். மைனஸ் இருபது டிகிரியில், நம் விரல் மரத்துப்போவதற்குள் நான்கு பாதங்களையும் முடித்தாக வேண்டும். அவ்வளவு நேரமும் அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, இதெல்லாம் யாருக்கோ நடப்பது போல நிற்பாள். வீடு திரும்பியதும், சாலையில் தூவிய உப்பும் சரளைத் துகளும் போக, வெதுவெதுப்பான நீரில் பாதங்களைக் கழுவித் துடைப்பது வேறு. இந்த நித்திய கர்மத்தைச் செய்து செய்துதான், பொடிப்பனி எது, ஒட்டும் பனி எது, மேலே பனியும் கீழே கண்ணாடிபோன்ற பாளமுமாக ஏமாற்றும் தரை எது என்ற ஞானம் எனக்கு உண்டாயிற்று.

நாய் வளர்த்தால் சிநேகிதர்கள் கிடைப்பார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. என் அனுபவத்தில் அது சற்று மிகையான கூற்று. நாய் எனக்குச் சிநேகிதத்தைத் தரவில்லை, பரிச்சயத்தைத் தந்தது. வேலியிட்ட நாய்ப் பூங்காவின் வாசலில் இரட்டைக் கதவு இருக்கும். ஒன்றைச் சாத்திய பிறகே மற்றதைத் திறப்பது வழக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வருகிறவர் கேட்பார், உள்ளே இருப்பது ஆணா, பெண்ணா என்று. பெண் என்று நான் சொல்வேன். சரி என்று அவர் உள்ளே வருவார். அதன் பிறகு கால் மணி நேரம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பேசாமல், நாய்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பின்லாந்தில் இது மரியாதைக் குறைவு ஆகாது. மரியாதையின் பூரண வடிவமே இதுதான் என்று தெரிந்துகொள்ளச் சில காலம் பிடிக்கிறது.

அந்நியன் என்று முகத்தைப் பார்த்ததும் இவ்வூரார் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அது அவர்களுடைய தாட்சண்யம். ஆனால் பின்னிய மொழி கற்க வந்தவனுக்கு அந்தத் தாட்சண்யமே பெரிய தடை. நாயிடம் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. முஸ்தியிடம் அவர்கள் தங்கள் தாய்மொழியில் க்ஷேமம் விசாரித்தார்கள். அவள் சார்பில் நான் பதில் சொன்னேன். அப்படித்தான் என் பின்னிய மொழி பள்ளிக்கூடத்தை விட்டு வீதிக்கு வந்தது. எதிர்க் கட்டடத்து முதியவர் ஒருவர் ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் என்னை நிறுத்தி, "முஸ்தி இடது முன்காலை ஊன்றத் தயங்குகிறாள், கவனித்தீர்களா?" என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. குனிந்து பார்த்தபோது பாதத்தில் ஒரு கூரிய சரளைக்கல் செருகியிருந்தது. அவருக்கு இன்றுவரை என் பெயர் தெரியாது. எனக்கும் அவர் பெயர் தெரியாது. அவருடைய நாயின் பெயரும் வயதும் ஒத்துக்கொள்ளாத உணவும் எனக்குத் தெரியும். மனிதர் பெயரைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்த இந்த உறவை என்னவென்று சொல்வது? என் வீட்டு ஜீவனொன்றின் நடையில் உண்டான மாறுதலைத் தெருவில் ஒருவர் கண்டு சொல்கிறார் என்றால், நான் அந்தத் தெருவில் இருக்கிறேன் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை.

இவ்வளவு மௌனமான தேசத்தின் தேசிய நாய், குரைப்பதையே தன் தொழிலாகக் கொண்டது என்பது விதியின் விளையாட்டு. செந்நிற மயிரும் சுருண்ட வாலும் உடைய பின்லாந்து ஸ்பிட்ஸ், மரத்தில் அமர்ந்த காட்டுப் பறவையைக் கண்டுபிடித்து, வேட்டைக்காரன் வந்து சேரும் வரையில் அதன் கவனத்தைத் தன்மேல் நிறுத்தி விடாமல் குரைக்கும். எந்த நாய் சிறப்பாகக் குரைக்கிறது என்பதற்குப் போட்டி வைத்து அரச பட்டமும் சூட்டுகிறார்கள். 1979இல் அதைத் தேசிய நாயாக அறிவித்தார்கள். காட்டில் பட்டம் பெறும் அந்தக் குணமே அடுக்குமாடியில் குற்றமாகிவிடும். இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை அமைதி என்பது பெரும்பாலான குடியிருப்புகளின் நியமம். சொந்த நாட்டில் இருப்பவன் அண்டை வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டும் காலம் தள்ளலாம். வந்து சேர்ந்தவனுக்குத் தன் நாயின் ஒவ்வொரு குரைப்பும் தன் இனத்தின் பெயரில் எழுதப்படுகிறதோ என்ற பயம் உண்டு. அந்தப் பயம் நியாயமற்றதே. ஆனால் அதுதான் பொறுமையாக உட்கார்ந்து நாயைப் பழக்கும் சிரத்தையை எனக்கு அளித்தது.

நம் ஊர்த் தெருக்களில் வளர்ந்தவனுக்கு இங்கே முதலில் உறைப்பது தெருநாய் என்று ஒன்று இல்லாமையே. அங்கே நாய் தெருவுக்குச் சொந்தம். நாலு வீட்டில் சோறு தின்று ஐந்தாம் வீட்டுத் திண்ணையில் படுக்கும். அதற்கு யாரும் எஜமானர் இல்லை, யாரும் ஜவாப்தாரியும் இல்லை. இங்கே ஒவ்வொரு நாய்க்கும் தோலுக்கடியில் ஒரு சில்லு உண்டு. 2023 முதல் அரசாங்கப் பதிவேட்டில் அதன் பெயரும் உடையவர் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நாயைக் கொண்டுவர விரும்புகிறவர், சில்லு பொருத்தி, தடுப்பூசி போட்டு, இரத்தப் பரிசோதனை செய்து, அதன் பின் மூன்று மாதம் காத்திருந்து, நாடாப்புழு மருந்தைப் பயணம் முடிவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். வெறிநோய் இல்லாத நாடாக 1991 முதல் இருந்துவரும் பின்லாந்து, அந்த நிலையைக் காப்பதற்காகத் தென்கிழக்கு எல்லைக் காடுகளில் நரிகளுக்கென்று தடுப்பு மருந்து வைத்த தீனியை விமானத்திலிருந்து தூவுகிறது. தெருநாயின் சுதந்திரம் அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத பிராணிக்கு நோய் வந்தால் அது யாருடைய துக்கமும் அல்ல.

அந்தப் பதிவேட்டில் என் பெயரைக் கண்ட அன்று எனக்கு ஒரு விசித்திரமான எண்ணம் தோன்றியது. வசிப்பு அனுமதியைத் தேசம் எனக்கு ஆண்டுக்கணக்கில் அளந்து அளந்து கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் வேலை உண்டா, வருமானம் உண்டா என்று கேட்டுப் புதுப்பிக்கிறது. நாயின் ஆயுளோ பன்னிரண்டு, பதினைந்து வருஷம். ஆகவே, அரசாங்கம் எனக்குக் கொடுத்த வாக்கைவிட நீண்ட வாக்கை நான் முஸ்திக்குக் கொடுத்திருக்கிறேன். இது விவேகமா என்று கேட்கலாம். வேலை போனால் அனுமதி ஆட்டம் காணும். நாய்க்கு இடம் தராத வாடகை வீடுகள் உண்டு. நிலையற்றவன் ஒரு வாயில்லா ஜீவனைத் தன் நிலையின்மையோடு சேர்த்துக் கட்டுவது அதர்மம் என்று ஒருவர் வாதித்தால், அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தனிமை தாங்காமல் வாங்கி, ஊர் மாறும்போது கைவிட்டுப் போகிறவர்களுக்கு அது முற்றும் பொருந்தும்.

ஆனால், நிலைபெற்ற பிறகுதான் கடமையை ஏற்க வேண்டும் என்றால், பெரும்பாலோர் எதையும் ஏற்காமலே ஆயுளைக் கழித்துவிடுவார்கள். தன்னை நம்பி வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று தருமபுத்திரர் சொன்னது பயணத்தின் கடைசி வாசலில், ஒரே ஒரு முறை. நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு அந்தப் பரீட்சை தினம் காலை ஆறு மணிக்கு, பனி விழும் இருட்டில் வந்துவிடுகிறது; கிடைக்கும் சுவர்க்கமும் ஒரு கோப்பைக் காபிதான். ஆயினும் அந்தத் தினசரிப் பரீட்சையில் தேறுகிறவனுக்கு, தான் இங்கே இருக்கப்போகிறவன் என்ற நிச்சயம் உள்ளுக்குள்ளேயே உண்டாகிவிடுகிறது. அனுமதிச் சீட்டு அதை உறுதிப்படுத்தலாம், உண்டாக்க முடியாது.

அயல்நாட்டில் குடியேறுகிற எல்லோரும் நாய் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாள் தவறாமல் நம்மிடம் ஒன்றைக் கேட்கும் கடமை எதுவாக இருந்தாலும் போதும். குழந்தை கேட்கலாம், தோட்டம் கேட்கலாம், நோயுற்ற அண்டை வீட்டார் கேட்கலாம். நாயைத்தான் தேர்ந்தெடுப்பீர்களானால், ஒன்றே ஒன்று சொல்வேன்: உங்கள் கையிலுள்ள அனுமதிச் சீட்டின் காலத்தைப் பார்த்து நாயை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அதன் முழு ஆயுளுக்கும் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதைக் கைவிட மாட்டீர்கள் என்றால் மட்டும் கொண்டுவாருங்கள்.