தண்டவாளமும் ஈர்யா சமிதியும்

கொல்லும் எண்ணமின்றி நிகழும் கொலைக்குப் பொறுப்பு யாருடையது? அறம் பேணும் இல்லறத்தார் எளிதில் கடந்து செல்லலாகாத வினா இது. போத்தனூர் வழியாக 1862-ஆம் ஆண்டிலேயே ரயில் ஓடத் தொடங்கிற்று. பாலக்காடு நோக்கிச் செல்லும் அப்பாதை, மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் இடையே யானைகளின் வழித்தடத்தை ஊடறுத்துச் செல்கிறது. 2021 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயில் மோதி உயிர் நீத்தன. பயணம் செய்தோரில் எவர்க்கும் அவற்றைக் கொல்லும் எண்ணம் இருந்திராது.

இறந்துபடும் உயிர் எத்தகையது என்பதை முதலில் அறிவோம். யானைக் கூட்டத்தை மூத்த பெண் யானை நடத்திச் செல்கிறது. நம் செவிக்கு எட்டாத மெல்லொலியால் அவை தம்முள் பேசிக்கொள்கின்றன என்பதை, 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிச்சாலையில் கேட்டி பெய்ன் என்னும் அம்மையார் கண்டறிந்தார். காற்றில் ஓர் அதிர்வை அவர் உடல் உணர்ந்ததே அதற்குத் தொடக்கம். அவ்வொலி சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள யானைகளுக்கும் எட்டும். ஆபத்து வரும்போது பெரியவை குட்டியைச் சூழ்ந்து நிற்கின்றன. இறந்த யானையைத் துதிக்கையால் தடவிப் பார்க்கின்றன.

இவை நமக்குப் புதிய செய்திகள் அல்ல. ஐம்பொறிகளோடு மனமும் உடைய உயிர் யானை என்றே நம் ஆகமம் கூறும். பகவான் பார்சுவநாதர் முற்பிறவி ஒன்றில் வஜ்ரகோஷம் என்னும் யானையாகப் பிறந்து, முனிவரின் அறவுரை கேட்டு விரதம் ஏற்றதைப் புராணம் உரைக்கிறது.

இனி வினாவுக்கு வருவோம். எண்ணம் இல்லையெனில் ஹிம்சையும் இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. கவனக்குறைவால் உயிரைப் போக்குவதே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் வரையறுக்கிறார். நான்கு முழ நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் காலடியில் அவரறியாது சிற்றுயிர் மடியினும் அவர்க்கு வினைக்கட்டு இல்லை. நோக்காது நடப்பவனோ, ஓர் உயிரும் மடியாவிடினும் ஹிம்சைக்கு உரியவனே. இருளில் விழித்திருந்து ரயிலோட்டுபவர் தம்மால் இயன்றதைச் செய்கிறார். ஆயினும் பாதையை நோக்கும் கடமை அவர் ஒருவர்க்கே உரியதன்று. அப்பாதையால் பயன்பெறும் சமுதாயம் முழுமைக்கும் உரியது.

மதுக்கரையில் 2024-இல் 12 கோபுரங்களில் காமிராக்கள் நிறுவப்பெற்றன. தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைச் செயற்கை நுண்ணறிவால் கண்டறிந்து எச்சரிக்கும் ஏற்பாடு இது. யானைகள் கடந்து செல்லச் சுரங்கப் பாதைகளும் அமைக்கப்பட்டுள்ளன. இவற்றை இக்காலத்திற்கேற்ற ஈர்யா சமிதி என்றே நாம் கொள்வோம். கருவி நோக்கினும் பொறுத்தல் நம் கடன். போத்தனூரைக் கடந்த ரயில் காட்டருகே வேகம் குறைந்து ஊர்ந்தால், கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதிருப்போம். உடன் வரும் குழந்தைகளுக்கு அதன் காரணத்தைச் சொல்வோம். தாமதமாகும் சில நிமிடங்களும் நாம் ஏற்கும் அணுவிரதத்தின் பகுதியே.