எது வீரம்?

பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899-க்கும் 1905-க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ என்னும் அறிஞர் அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிகளும், வெண்கலக் கலங்களும், நெற்றியில் அணியும் பொற்பட்டங்களும் வெளிப்பட்டன. நெல் உமியும் மண்வெட்டியும் உடன் இருந்தன. எங்கள் பண்ருட்டி வட்டத்து மருங்கூரும் தாழிகள் புதைந்த ஊரே. 2024-இல் அரசு தொல்லியல் துறை அங்கும் அகழாய்வு நடத்திற்று.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது. ஆஸ்திரிய நாட்டில் உப்புச் சுரங்கத்தால் புகழ்பெற்ற ஹால்ஸ்டாட் என்னும் ஊரில் 1846 முதல் 1863 வரை ஏறத்தாழ 980 புதைகுழிகள் திறக்கப்பெற்றன. கெல்டிக் மக்களின் முன்னோருடையவை எனக் கருதப்படும் அவற்றுள் சிலவற்றில் வாள்களும், சித்திர வேலைப்பாடு அமைந்த வெண்கல அரைக்கச்சைகளும் கிடைத்தன.

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இவ்வாள்களை இகழ்ந்து ஒதுக்கலாமா? ஒதுக்கலாகாது. நம் ஆன்றோர் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்தனர். இல்லறத்தான் முற்றும் துறக்க வேண்டியது, வேண்டுமென்றே செய்யும் சங்கல்பி இம்சையை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க நேரும் விரோதி இம்சை அவனுக்கு முற்றிலும் விலக்கப்படவில்லை.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆநிரை மீட்டவன் வாளும் கவர்ந்தவன் வாளும் வடிவில் ஒன்றே. இருவருக்கும் தமிழர் நடுகல் எடுத்தனர். ஆகவே, வாள் ஒருவனது ஆற்றலைக் காட்டுமேயன்றி அவனது அறத்தைக் காட்டாது.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றை நினைவுகூர்வோம். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் விளங்கும் அக்குன்றில், தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிவந்த காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த நிசீதிகை அது. அங்கே வாளும் இல்லை, பொற்பட்டமும் இல்லை. ஆசிரியரின் பெயரும் நோன்பு நாள்களின் எண்ணிக்கையுமே உள்ளன. அவர் வென்ற பகை அவருக்குள்ளேயே இருந்தது. அவ்வெற்றியால் தோற்றவர் எவரும் இலர். அழுத மனைவியரும் இலர்.

வர்த்தமானரை மகாவீரர் என்கிறோம். ஜினர் என்பதற்கு வென்றவர் என்பதே பொருள். ஆதலின் சமணம் வீரத்தை மறுக்கவில்லை. அதன் களத்தையே மாற்றிற்று. சந்திரநந்தியாரின் நோன்பு முனிவர்க்குரியது. நமக்கு எளிய களம் ஒன்று நாள்தோறும் வாய்க்கிறது. சினத்தால் எழும் கடுஞ்சொல்லை நாவிலேயே தடுப்பவரும் வீரரே. இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமாக. சொல்வதற்கு முன் நாம் செய்து காட்டுவோமாக.